பூட்டில்லாத 32 வீடுகள்: ஓசூரில் நாம் கைவிட்ட கட்டடத்தின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சக உரிமையாளர்களுக்கு,

வணக்கம். எஸ்-5 வீட்டின் உரிமையாளன் எழுதுகிறேன். வில்லங்கச் சான்றிலும் பழைய கிரயப் பத்திர நகல்களிலும் கிடைத்த முகவரிகளைத் தேடி எடுத்து, உங்கள் 31 பேருக்கும் கடந்த ஆறு மாதங்களில் தனித்தனியே பதிவுத் தபால் அனுப்பினேன். அவற்றுள் 13 உறைகள் திரும்பி வந்துவிட்டன. பதினொன்றின் மேல் ‘விலாசதாரர் இல்லை’ என்றும், இரண்டின் மேல் ‘காலமாகிவிட்டார்’ என்றும் எழுதியிருந்தது. ஆறு பேர் தொலைபேசியில் அழைத்துப் பேசினீர்கள். மீதிப் பன்னிரண்டு பேரிடமிருந்து இன்றுவரை ஒரு சொல்லும் வரவில்லை. முகவரிக்கு எழுதிப் பயனில்லை என்றான பிறகு, ஊரறிய எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. கட்டடத்தின் பெயரை மட்டும் இங்கே குறிப்பிடவில்லை. ‘பேய் பங்களா’ என்று சொல்லிக்கொண்டு இரவில் கைப்பேசி வெளிச்சத்தில் படமெடுக்க வரும் பிள்ளைகளுக்கு நானே வழிகாட்டியதாக ஆகிவிடக்கூடாது. தளி சாலையிலிருந்து பிரியும் தெருவில், வாசலில் குல்மொகர் மரம் நிற்கும் கட்டடம் என்றால் உங்களுக்குப் புரியும். மரம் இப்போதும் நிற்கிறது.

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டடப் பொறியாளராக இருக்கும் என் மருமகனை அழைத்துக்கொண்டு, ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு உள்ளே போனேன். நம் கட்டடத்துக்குள் நாமே திருடனைப் போல் நுழைய வேண்டியிருந்தது. இரும்புக் கேட் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அது நின்ற இடத்தில் யாரோ கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அதை விலக்கிவிட்டுப் போனால் வலது பக்கம் மீட்டர் பலகை. பொது மீட்டரோடு சேர்த்து 33 மீட்டர்கள் இருந்த இடத்தில் இப்போது மரப்பலகையும் அதில் வெள்ளை பெயின்டில் எழுதிய வீட்டு எண்களும் மட்டுமே மிச்சம். செம்புக்கம்பியைச் சுவரிலிருந்து உருவியவர்கள் பூச்சை நீளநீளமாகக் கிழித்திருக்கிறார்கள். கடப்பாக்கல் படிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றின் மேல் புறா எச்சம் ஒரு சாண் உயரத்துக்குக் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது.

முதல் மாடியில் எஃப்-3 வீட்டு அக்கா, நாள்தோறும் கோலம் போட முடியவில்லை என்று, வாசற்படியில் எனாமல் பெயின்டில் ஒரு கோலம் போட்டு வைத்திருந்தது நினைவிருக்கும். கோலம் நிறம் மாறாமல் இருக்கிறது. அதற்கு மேலே கதவும் இல்லை, நிலையும் இல்லை. தேக்கு நிலைகளைக் கடப்பாரை கொண்டு பெயர்த்தெடுத்த பள்ளம்தான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தெரிகிறது. இரண்டாம் மாடியில் என் வீட்டுக் கூடத்தின் மேற்கூரையிலிருந்து, கட்டில் அளவுக்குக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்து, கம்பிகள் கொடிபோலத் தொங்குகின்றன. விழுந்து கிடந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கம்பி பதிந்திருந்த தடத்தில் துரு வெங்காயச் சருகைப் போல அடுக்கடுக்காக உரிந்து வந்தது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் இயந்திரப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். துருவைப் பார்க்காதவன் இல்லை. ஆனாலும் விரலால் நசுக்கினால் பொடியாகிற அளவுக்குப் போன கம்பியைச் சொந்தக் கூரையில் பார்த்தபோது எனக்கு நா எழவில்லை.

என்னை அதிகம் உலுக்கியது மூன்றாம் மாடியில் டி-2. அந்த வீட்டின் உள்ளறையில் நான்கு பிளாஸ்டிக் குடங்கள், வரிசையாகவும் அல்லாமல் தாறுமாறாகவும் அல்லாமல், தரையில் நான்கு இடங்களில் நிற்கின்றன. ஏன் அப்படி நிற்கின்றன என்று முதலில் புரியவில்லை. அண்ணாந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஒவ்வொரு குடத்துக்கும் நேர் மேலே கூரையில் ஒரு கறுப்பு வட்டம். குடித்தனக்காரர்கள் ஒழுகலுக்குக் குடம் வைத்துவிட்டு, அந்தக் குடங்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். போகும்போது அவற்றை எடுத்துப் போக மனமில்லாமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. சுண்ணாம்பு படிந்து வெளுத்துப்போன குடங்களுள் ஒன்றில் அரசங்கன்று ஒன்று முளைத்து ஜன்னல் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அந்த வீட்டுக்கு வாடகை வாங்கியவர் நம்மில் ஒருவர்தான். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கட்டடம் எப்படி வந்தது என்பது உங்களுள் வாரிசாக உரிமை பெற்ற இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. 1970-களில் சிப்காட் வந்து, அடுத்த பத்தாண்டில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் எழும்பியபோது, ஓசூரில் வேலை இருந்தது, வீடு இல்லை. சேலத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்த எங்களைப் போன்றவர்கள் ஓட்டு வீடுகளில் பங்கு போட்டுக் குடியிருந்தோம். அந்தக் காலத்தில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம்கூட ஆகவில்லை, 2004-இல்தான் ஆனது. ஓசூர் மாநகராட்சி ஆனது 2019-இல். 1996-இல் நம் கட்டடம் எழுந்தபோது, தரைத்தளமும் மூன்று மாடிகளும், தளத்துக்கு எட்டு வீடுகளுமாக, அந்தத் தெருவிலேயே உயரமானது அதுதான். மொட்டை மாடியில் நின்றால் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில் தெரியும். 32 வீட்டிலும் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழியும் கலந்து ஒலிக்கும். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால், பாதிப்பேர் குடியிருக்கவும் மீதிப்பேர் வாடகைக்கு விடவும் வாங்கினோம். இந்தப் பாதிக்குப் பாதிதான் பின்னால் நமக்கு வினையாக முடிந்தது.

மின்தூக்கி கிடையாது. நாற்பது வயதில் அது குறையாகத் தெரியவில்லை. வயது ஏற ஏற மேல் மாடிக்காரர்கள் ஒவ்வொருவராகத் தரையோடு தரையாக ஒரு வீடு கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். அவர்கள் வீடுகளும் வாடகை வீடுகளாயின. தண்ணீர் இன்னொரு தொல்லை. ஆழ்குழாயில் வந்தது கடுந்தண்ணீர், ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களுக்குள் உப்புப் படிந்து, கட்டைவிரல் நுழைந்த குழாயில் பென்சில் நுழையாமல் போயிற்று. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம் என்பதையும், அது பிள்ளைகளின் பற்களில் காவிக் கறையாகத் தெரியும் என்பதையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தபோது தெருவே மகிழ்ந்தது. நம் கட்டடத்துக்கு மட்டும் இணைப்பு வரவில்லை. யார் பெயரில் விண்ணப்பிப்பது, வைப்புத்தொகையை யார் கட்டுவது என்று கேட்க, அந்த நேரத்தில் நமக்கு உயிரோடு ஒரு சங்கம் இல்லை.

சங்கம் எப்படிச் செத்தது என்பதற்கு எழுத்து வடிவில் சாட்சி கிடைத்தது. மோட்டார் அறையில், ஸ்டார்ட்டர் பெட்டி இருந்த இடத்துக்கு மேலே சிமென்ட் பலகையில், பாலித்தீன் பையில் சுற்றி வைத்த ஒரு நீள நோட்டு. நம் செயலாளராக இருந்த ஜி-1 வாத்தியாரின் பராமரிப்பு வசூல் நோட்டு அது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் கையெழுத்து எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. இடது ஓரத்தில் 32 வீட்டு எண்கள், மேலே மாதங்கள், கட்டியவர்களுக்கு நீல மையில் தேதி, கட்டாதவர்களுக்குச் சிவப்பு மையில் ஒரு சுழி. பக்க ஓரத்தில் மூன்று எழுத்து வகைகளிலும் கையொப்பங்கள். தொடக்கப் பக்கங்களில் சிவப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2005-க்குப் பிறகு வெளியூர் உரிமையாளர்களின் வரிசையில் சிவப்பு நிலைகொள்கிறது. குடித்தனக்காரர் கட்டுவார் என்று உரிமையாளரும், உரிமையாளர் கட்டுவார் என்று குடித்தனக்காரரும் விட்டுவிட, வாத்தியார் இருவருக்கும் நடுவே நடந்திருக்கிறார். ‘ஐந்தாம் முறை கேட்டேன்’ என்று ஒரு கட்டத்துக்குள் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். ஒழுங்காகக் கட்டியவர்களும் ‘கட்டாதவர்களுக்கும் அதே தண்ணீர்தானே வருகிறது’ என்று யோசிக்கத் தொடங்கிய பிறகு, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு ஏறிக்கொண்டே போகிறது.

எஸ்-5-க்கு 2009 ஏப்ரலில் முதல் சிவப்புச் சுழி. அந்த மாதம்தான் நான் இராயக்கோட்டை சாலையில் கட்டிய வீட்டுக்குக் குடிபோனேன். அதிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கமான 2013 மார்ச் வரை, மாதம் 300 ரூபாய் வீதம் 48 மாதங்கள், ஒன்றுவிடாமல் சிவப்பு. மொத்தம் 14,400 ரூபாய். வாத்தியார் இரண்டு முறை என் புதுவீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன், பணம் கொடுக்கவில்லை. ‘நான் அங்கே இல்லையே சார்’ என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் இப்போது இல்லை.

அந்த நோட்டில் 2008-ஆம் ஆண்டுக் கூட்டத்தின் குறிப்பு ஒன்று இருக்கிறது. ‘மொட்டை மாடி வேலை. மதிப்பீடு ரூ. 1,84,000. வீட்டுக்கு ரூ. 5,750. கீழ்த்தளத்தார் மறுப்பு. மேல்தளத்தார் மட்டும் ஏற்க மறுப்பு. அடுத்த கூட்டத்தில் பேசலாம்.’ அடுத்த பக்கத்தில் அடுத்த கூட்டம்: ‘வந்தவர்கள் நால்வர். கோரம் இல்லை.’ கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கையில் ஆள் வரவில்லை என்று பொருள். அதற்கு மேல் கூட்டக் குறிப்பே கிடையாது. முதற்கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒழுகுவது மூன்றாம் மாடியில், நாங்கள் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று தரைத்தளத்தார் கேட்டார்கள். எட்டு வீடு மட்டும் என்றால் தலைக்கு 23,000 ஆகிறது, மாடி பொது என்றுதானே பத்திரத்தில் இருக்கிறது என்று மேல்தளத்தார் கேட்டார்கள். நடு மாடிக்காரனான நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு மேலே இன்னொரு வீடு இருக்கிறதே, தண்ணீர் அதைத் தாண்டியா வரப்போகிறது என்று நினைத்தேன். நான் கட்டாமல் விட்ட பராமரிப்புத் தொகையே அந்த 5,750-ஐப் போல் இரண்டரை மடங்கு.

மொட்டை மாடி ஒரு கட்டடத்துக்கு என்ன செய்கிறது என்பதை அன்று யாராவது எங்களுக்கு விளங்கச் சொல்லியிருந்தால் ஒருவேளை பேச்சு வேறு விதமாகப் போயிருக்கும். கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் பரப்பி, அதன் மேல் தட்டோடு பதித்து, தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்திருப்பார்கள். தளத்துக்குக் குடையும் போர்வையும் அதுதான். நம் மாடியில் அதைக் கிழித்தது மழையல்ல. மாடியின் உரிமை தமக்கே என்று எழுதி வாங்கியதாகச் சொன்ன ஒருவர், கைப்பேசிக் கோபுரம் நிறுத்த இடம் கொடுத்தார். கோபுரத்தின் கால்களுக்காகத் தட்டோட்டை உடைத்துத் துளை போட்டார்கள். வாடகை யாருக்கு என்று நாம் மாதக்கணக்கில் சண்டை போட்டோமே தவிர, உடைத்த இடத்தைப் பூசினார்களா என்று ஒருவரும் மேலேறிப் பார்க்கவில்லை. என் பத்திரத்தின் சொத்து விவரத்தில், படிக்கட்டோடும் கீழ்நிலைத் தொட்டியோடும் சேர்த்து மொட்டை மாடியும் பொது உபயோகம் என்றுதான் இருக்கிறது. உங்கள் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். கோபுரம் போய்விட்டது. கால்கள் நின்ற நான்கு சிமென்ட் பீடங்களும், அவற்றைச் சுற்றி ஓடும் வெடிப்புகளும் அப்படியே இருக்கின்றன. டி-2-வின் நான்கு குடங்களும் ஏறக்குறைய அவற்றுக்குக் கீழேதான் வருகின்றன.

அங்கிருந்து நடந்ததை மருமகன் எனக்கு விளக்கினார். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மை கம்பியைத் துருவிடமிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வெடிப்புகள் வழியே ஈரத்தோடு உள்ளே போகப் போக அந்தக் காரத்தன்மை குறைகிறது. கூரைத் தளத்தில் கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் மறைப்பு இருபது மில்லிமீட்டர் அளவுதான். அதைக் கடந்து ஈரம் கம்பியைத் தொட்டுவிட்டால் துரு தொடங்குகிறது. துருவானது தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது கான்கிரீட்டைத் தள்ளிப் பெயர்க்கிறது. பெயர்ந்த இடத்தில் இன்னும் ஈரம், இன்னும் துரு. மழைநீர்க் குழாயின் வாயில் அரசங்கன்று வேர்விட்டு அடைத்துக்கொண்ட பிறகு, மாடியில் தண்ணீர் நாட்கணக்கில் தேங்கியது. மூன்றாம் மாடிக் கூரை ஊறி, அதன் சுவர்கள் ஊறி, என் வீட்டுக் கூரைக்கும் வந்து சேர அதற்குப் பத்தாண்டுகூட ஆகவில்லை.

முடிவு மட்டும் மிக வேகமாக வந்தது. 2017 கோடையில், கட்டணம் நிலுவையில் இருந்ததால் பொது மீட்டரின் மின்னிணைப்பைத் துண்டித்தார்கள். வீட்டு மீட்டர்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன; விளக்கும் விசிறியும் இருந்தன. ஆனால் மோட்டார் பொது மீட்டரில் இருந்தது. மோட்டார் நின்றால் மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் மூன்றாம் மாடியில் கழிப்பறை இல்லை. அந்த மாதமே மேல் இரண்டு மாடிகளும் காலியாயின. தரைத்தளத்தில் ஒரே ஒரு குடும்பம் தெருக்குழாயிலிருந்து குடத்தில் சுமந்துகொண்டு 2018 வரை தாக்குப்பிடித்தது. அவர்களும் போன பிறகு முதலில் குழாய்கள் போயின, பிறகு ஜன்னல் கம்பிகள், பிறகு நிலைகள். பேய் என்று ஊர் சொல்கிறது. மனிதர்கள் வசிக்காத இடத்தைப் பற்றி மனிதர்கள் சொல்லும் கதை எப்போதும் அதுதான்.

இதையெல்லாம் இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று பெங்களூருவிலிருந்து தொலைபேசியில் பேசிய நண்பர் கேட்டார். ‘இருக்கட்டும், நிலத்தின் விலை ஏறிக்கொண்டுதானே இருக்கிறது’ என்றார். விலை ஏறுகிறது, உண்மை. ஆனால் அந்த நிலத்தின் மேல் நிற்பது நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருக்கிறது. 2021 டிசம்பர் 27-ஆம் தேதி சென்னை திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்புத் தொகுதி ஒன்று இடிந்து தரைமட்டமானது. வெடிப்பு விரிவதைப் பார்த்து ஆட்கள் சற்று முன்னரே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. நம் கட்டடத்தில் வெடிப்பைப் பார்த்துக் குரல் கொடுக்க யாரும் இல்லை. ஆனால் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்: மாலையில் சீட்டாடுகிறவர்கள், இரவில் படமெடுக்கிறவர்கள், பட்டம் எடுக்க மாடியேறும் பக்கத்துத் தெருப் பிள்ளைகள். அவர்களுள் ஒருவர் மேல் கூரை விழுந்தால், பத்திரத்தில் பெயர் இருக்கும் 32 பேரும் பதில் சொல்லியாக வேண்டும். மருமகன் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். மேல் இரண்டு தளங்களின் கூரையும் பாதிக்கு மேல் வெடித்த பானையைப் போல் ஒலித்தது. தூண்கள் தாங்கும், கூரைகள் தாங்காது, பழுதுபார்ப்பதற்கு ஆகும் செலவில் பாதிக் கட்டடம் புதிதாகக் கட்டலாம் என்பது அவருடைய கணிப்பு. உங்களுக்கு நம்பிக்கையான வேறொரு பொறியாளரைக் கொண்டும் பார்த்துக்கொள்ளலாம். அதற்கான செலவில் என் பங்கைத் தருகிறேன்.

இடித்துக் கட்டுவதற்கு முன்பெல்லாம் ஒரே ஒருவர் மறுத்தாலும் வழியில்லாமல் இருந்தது. 32 பேரும் கையெழுத்திட வேண்டும் என்றால் நம் விஷயத்தில் அது நடக்கிற காரியமா? 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, கடந்த 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம் என்கிறது அது. 32-இல் மூன்றில் இரண்டு என்றால் 22 பேர். பேசிய ஆறு பேரோடு என்னையும் சேர்த்தால் ஏழு. இன்னும் பதினைந்து பேர் வேண்டும்.

நமக்கு இருப்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனை 40 சென்ட், அதாவது 17,424 சதுர அடி. வீட்டுக்குச் சராசரியாக 544 சதுர அடி பிரிக்கப்படாத பங்கு. கூரை விழுந்தாலும் அந்தப் பங்கு விழாது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயரமல்லாத கட்டடங்களுக்கு மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு வரை தளப்பரப்பு கட்டலாம். சாலை அகலம் முதலிய நிபந்தனைகள் பொருந்தினால் 34,848 சதுர அடி. இன்று நிற்பதைவிட அது கணிசமாக அதிகம் என்பதால், நம் கையிலிருந்து பணம் போடாமலே கட்டித்தர ஆள் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. வேலைக்கு வரும் இளைஞர்களும் பெண்களும் ஓர் அறைக்கு ஐந்தாறு பேராக இருக்க இடம் தேடி அலையும் ஊரில், 32 வீடுகளைப் புறாவுக்கு விட்டு வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஆனால் கட்டுநரிடம் போவதற்கு முன்னால் நமக்குள் முடிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதில் நான் பிடிவாதமாக இருக்கப் போகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நாணயம். புதிய கட்டடத்துக்கும் ஒரு மொட்டை மாடி இருக்கும். அதுவும் பொதுவாகத்தான் இருக்கும். தரைத்தளத்தாருக்கும் அதில் சம பங்கு செலவு உண்டு என்பதையும், வீடு பூட்டிக் கிடந்தாலும் பராமரிப்புத் தொகை உரிமையாளரின் கடன் என்பதையும், குடித்தனக்காரரைக் காட்டித் தப்பிக்க முடியாது என்பதையும் சங்கத்தின் விதிகளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்ட பிறகே ஒப்பந்தம் பேச வேண்டும். பெரும்பழுதுகளுக்கென்று ஒரு மூலநிதியை, சாவி வாங்கும் நாளிலேயே ஒவ்வொருவரும் கட்டிவிட வேண்டும். பழைய சங்கத்தை எல்லோரையும் போல 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிந்தோம். ஆண்டறிக்கை கொடுக்காமல் அது காலாவதியாக விட்டோம். இம்முறை புதிய சட்டத்தின்படியே அமைத்துக்கொள்ளலாம். இதற்கு ஒப்பாதவர்கள் இருந்தால் 22-ஐ வேறு விதமாகச் சேர்க்கப் பார்ப்பார்கள். அந்த 22-இல் நான் இருக்கமாட்டேன்.

காலமானவர்களின் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அப்பா பெயரில் ஓசூரில் ஒரு பாழடைந்த ஃப்ளாட் இருந்தது, அதை யார் போய்ப் பார்ப்பது என்று விட்டிருப்பீர்கள். வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் வாங்கி, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து யாராவது ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும். வங்கிக் கடன் முடிந்தும் அடமானப் பதிவு நீக்கப்படாத வீடுகள் மூன்று இருப்பதாக வில்லங்கச் சான்றில் தெரிகிறது. எவை என்பதைப் பொதுவில் எழுத விரும்பவில்லை, உரியவர்களிடம் சொல்கிறேன்.

வரும் தை மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, குல்மொகர் மரத்தடியில் கூடலாம். கிரயப் பத்திரத்தின் நகல், சொத்து வரி ரசீது இருந்தால் அது, அடையாள அட்டை ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். வாத்தியாரின் நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அன்று எடுத்து வருவேன், அவரவர் வரிசையை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். என் 14,400 ரூபாயையும் எடுத்து வருவேன். வழக்கறிஞருக்கும் நில அளவைக்கும் ஆகும் முதற்செலவுக்கு அதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். வர முடியாதவர்கள் தங்கள் சார்பில் ஒருவரைக் கையெழுத்திட்ட கடிதத்தோடு அனுப்பலாம்.

தங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று நிச்சயம் சிலருக்குத் தோன்றும். முதல் மாடி வரைக்கும் போகலாம். அதற்கு மேல் படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு மூலை உடைந்திருக்கிறது. சிறுபிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வராதீர்கள். மொட்டை மாடிக்கு யாரும் ஏற வேண்டாம். மேல்தொட்டியின் அடியில் மலைத்தேனீ மூன்று கூடு கட்டியிருக்கிறது. மருமகன் சுத்தியலால் தட்டிய சத்தத்துக்கே அவை கலைந்து, நாங்கள் இருவரும் புறா எச்சத்தில் வழுக்கிக்கொண்டுதான் கீழே வந்து சேர்ந்தோம்.

இப்படிக்கு,
எஸ்-5 உரிமையாளன்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.